பின்கதவில் வண்டிச் சனம்

தோர்ண்டன் ஹீத்தில் சந்திரவதனாவின் வீட்டுப் பின்கதவை ஒரு செவ்வாய்க்கிழமை காலை தட்டிய வண்டிச் சனம், ஏறக்குறைய நூற்றைம்பது வருடம் பிந்தி வந்திருந்தது. இலண்டனில் தமிழ்க் கலியாணங்களுக்குப் போய்ப் பழகியவளுக்கு அது பெரிய பிந்தலாகத் தெரியவில்லை. பொயிலர் திருத்துகிறவன் வழிமாறிப் பின்பக்கம் வந்துவிட்டான் என்று நினைத்துத்தான் குசினிக் கதவைத் திறந்தாள். படியில் ஒரு பெண் நின்றாள். நிலத்தைக் கூட்டும் பாவாடை, ஆண்கள் போடுகிற சப்பாத்து, இடுப்பில் ஒரு கூடை, கூடை நிறைய உடுப்புக் கொழுவும் மரக் கிளிப்புகள். அவளுக்குப் பின்னால் ஓர் ஆள் காலால் மிதித்துச் சுழற்றும் சாணைக்கல்லை இறக்கிக்கொண்டிருந்தான். அவனுக்கும் பின்னால், பக்கத்து வீட்டு ட்ரம்போலினுக்கும் ரீசைக்கிளிங் தொட்டிக்கும் இடையில், வளைந்த கூரை போட்ட மரவண்டியும் அதை இழுத்துவந்த கருப்பு வெள்ளைக் குதிரையும் நின்றன. நேற்றுவரை அந்த இடத்தில் பலகை வேலி இருந்தது. அன்று காலை பாதை இருந்தது. மத்தியானம் வேலி திரும்பி வந்துவிட்டது.

அவர்கள் தேடி வந்தது சந்திரவதனாவை அல்ல. அந்தத் தெரு தெருவாவதற்கு முந்தி அங்கே ஒரு பண்ணை இருந்தது. நோர்வூட் பக்கமெல்லாம் காடாகக் கிடந்த காலம். காட்டோரமாக வண்டிகளை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு இந்தச் சனம் தங்கும். பட்டாணி பிடுங்கும் பருவத்தில் பண்ணைக்கு ஆள் வேண்டும். பண்ணைக்காரிக்குக் கிளிப்பு வேண்டும். மழுங்கின கத்தியும் ஓட்டைக் கேத்திலும் இல்லாத வீடு எந்தக் காலத்திலும் கிடையாது. பதிலுக்கு வண்டிச் சனத்துக்கு முட்டை, வைக்கோல், பழைய உடுப்பு, எல்லாவற்றுக்கும் மேலாகத் தேத்தண்ணீருக்குக் கொதிநீர். பண்ணைக்காரி ஒருநாளும் அவர்களை உள்ளே கூப்பிட்டதில்லை. அவர்களும் ஒருநாளும் உள்ளே வரக் கேட்டதில்லை. பின்கதவின் படிதான் இரண்டு தேசத்துக்கும் எல்லை. பிறகு காட்டை வெட்டினார்கள், ரயில் வந்தது, பொலிஸ்காரன் வண்டிகளைக் கிளப்பினான், பண்ணை துண்டு துண்டாகிச் செங்கல் வீடுகளானது. பக்கத்தில் ஒரு ஸ்டேஷனுக்கு ஜிப்சி ஹில், வண்டிச் சனத்தின் குன்று, என்று பெயர் வைத்ததோடு விஷயம் முடிந்தது. ஆட்களைத் துரத்திவிட்டு அந்த இடத்துக்கு அவர்கள் பெயரை வைப்பது உலகமெங்கும் செய்யப்படுகிற மரியாதைதான். வீடுகள் மறந்துபோயின. வண்டிச் சனம் மறக்கவில்லை, அவ்வளவே. அவர்கள் தங்கள் சுற்றில் வந்துகொண்டேதான் இருந்தார்கள். தட்டுவதற்குக் கதவு குறைந்துகொண்டு போனது. அந்த வரிசையில் ஒவ்வொரு வீட்டுக்காரரும் பின்பக்கத்தை இடித்து எக்ஸ்டென்ஷன் என்று ஒரு பெரிய அறையை இறக்கி, ஒருவரும் இருக்காத சோபாவை அதற்குள் போட்டுவிட்டார்கள். மிஞ்சி நின்ற ஒரே பழைய பின்கதவு சந்திரவதனாவுடையது. பண்ணையின் குசினிக் கதவு எந்த இடத்தில் இருந்ததோ, அந்த இடத்திலேயே அது இருந்தது.

அந்த வீட்டின் முன்கதவைப் பற்றியும் சொல்லவேண்டும். கணவர் தவராசா பெட்ரோல் நிலையத்தில் ஷிப்ட் முடிந்து ஜாக்கெட் போடும்போது சரிந்து விழுந்து இறந்துபோன பிறகு, சொல்லாமல் கொள்ளாமல் அந்தக் கதவைத் தட்டியவர்கள் இல்லை. இலண்டனில் ஆட்கள் முதலில் மெசேஜ் போடுவார்கள், பிறகு போன் எடுப்பார்கள், பிறகு வரமுடியவில்லை என்று இன்னொரு மெசேஜ் போடுவார்கள். மகள் கோசிகா கலியாணம் கட்டி, இலண்டனின் மறுகோடியில் பார்க்கிங் என்ற ஊரில் இருந்தாள். பார்க்கிங்கிலிருந்து தோர்ண்டன் ஹீத்துக்கு வருவது டொரொண்டோவிலிருந்து வருவதைவிடக் கடினம். டொரொண்டோக்காரர் வருடத்துக்கு ஒருமுறையாவது வருகிறார்கள். தாயின் பாதுகாப்புக்கென்று கோசிகா முன்கதவில் கமெரா வைத்த அழைப்புமணி ஒன்றைப் பூட்டியிருந்தாள். அது அடித்தால் முதலில் பார்க்கிங்கில்தான் கேட்கும். வாசலில் நிற்பவர் யார் என்று மகள் பார்த்து, பார்சல்காரனை அனுப்பிவிட்டு, பிறகு தாய்க்குச் சொல்வாள். சந்திரவதனா உள்ளே இருந்தபடி தன் வீட்டுக்கு யாரோ வந்து போனதைத் தொலைபேசியில் அறிந்துகொள்வாள்.

வந்த பெண்ணின் பெயர் பிரித்தானியா. வண்டிச் சனத்தில் பெண்பிள்ளைகளுக்கு அப்படிப் பெயர் வைக்கிற வழக்கம் உண்டாம். கவுன்சில் மண்டபத்தில் அரசியின் படத்துக்கு முன்னால் கையுயர்த்தி உறுதிமொழி சொல்லிக் குடியுரிமை எடுத்தவளுக்கு, பிரித்தானியா தன் வீடு தேடி வந்தது அதுதான் முதல் தடவை. என்ன மொழியில் கதைத்தார்கள் என்று பின்னாட்களில் பலரும் விசாரித்தார்கள். முதலில் ஜேர்மனியில் இருந்து ஜேர்மன் படித்து அதற்கு மேல் ஆங்கிலம் படித்த சந்திரவதனாவுக்கு டொக்டரின் ரிசெப்ஷனில் இருக்கும் பெண் சொல்வது இன்றுவரை பாதிதான் விளங்கும். பிரித்தானியா சொன்னது முழுவதும் விளங்கியது, அதுவும் அவளுடைய ஊரான வல்வெட்டித்துறைத் தமிழாக.

"கொஞ்சம் சுடுதண்ணி தாங்கோ மிஸிஸ்" என்றாள் பிரித்தானியா.

இந்த இடத்தில்தான் சந்திரவதனா அந்தப் பிழையை விட்டாள். அந்தக் குசினியில் ஒரு பச்சைக் கோப்பை இருந்தது. அது யாருக்கு என்று ஒருவரும் வாய்திறந்து சொன்னதில்லை. யாருக்கு இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். பொயிலர்காரன், குழாய்க்காரன், சோபா இறக்க வந்த போலந்துப் பொடியன்கள், இவர்களுக்கெல்லாம் தேத்தண்ணீர் அதில்தான். மற்றக் கோப்பைகளோடு சேராமல் சிங்குக்குக் கீழே, பிளீச் போத்தலுக்குப் பக்கத்தில் அது குடியிருந்தது. சண்டையில் காணியையும் கிணற்றையும் கைவிட்டு வந்தவர்கள் இந்த ஒரு பழக்கத்தை மட்டும் கொழும்பு, மொஸ்கோ, டோர்ட்முண்ட் என்று எல்லைகள் தாண்டி ஒரு கீறல் படாமல் கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள். பாரமில்லாத சாமான். எந்தச் சுங்கத்திலும் பிடிக்கமாட்டார்கள். சந்திரவதனா நல்ல மனதோடு, சீனியும் போட்டு, பச்சைக் கோப்பையில் தேத்தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

பிரித்தானியா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"உதில ஏலாது, மிஸிஸ்."

"ஏன்? கழுவினதுதான்."

"எதுக்குள்ள கழுவினது?"

சந்திரவதனா சிங்கைக் காட்டினாள்.

"அதுக்குள்ள முகமும் கழுவுவியள் என்ன?"

"அவசரத்துக்கு..."

"உடுப்பும்?"

"கையால தோய்க்கிற சாமான் எண்டால் மட்டும்."

பிரித்தானியா அவளை இரக்கத்தோடு பார்த்தாள். "அப்ப உது கப் இல்லை, மிஸிஸ். உடைச்சுப் போடோணும்." பிறகு மார்புச் சீலைக்குள்ளிருந்து வெள்ளைத் துணியில் சுற்றிய, தேத்தண்ணீர் குடிக்கும் தகரப் பேணி ஒன்றை எடுத்து, கையை எட்டமாக நீட்டிப் பிடித்தாள். "இதுக்குள்ள ஊத்துங்கோ. உயத்திப் பிடிச்சு ஊத்துங்கோ, கேத்தில் முட்டக்கூடாது. உங்கட கையும்."

அந்த ஊற்றுகையை சந்திரவதனாவின் கைக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. அவளுடைய அப்பாவின் வீட்டிலும் பின்பக்கமாக வருகிற ஆட்கள் இருந்தார்கள். எட்டத்தில் நின்று, அவர்கள் கையில் படாமல் தண்ணீர் வார்ப்பதைப் பார்த்துத்தான் வளர்ந்தாள். வார்க்கிறவள் தீட்டாகவும் வாங்குகிறவள் சுத்தமாகவும் இருக்கலாம் என்பதை மட்டும் அவளுக்கு ஒருவரும் சொல்லித் தந்திருக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டுப் பச்சைக் கோப்பையை இன்னொரு தரம் கழுவி, சிங்குக்குக் கீழேயே வைத்தாள்.

அன்று மத்தியானம் கணவரின் தமையன் சபாரத்தினத்துக்குப் போன் எடுத்தாள். சபாரத்தினம் ஐக்கிய இராச்சியத் தமிழர் மேம்பாட்டு ஒன்றியத்தின் ஆயுட்காலத் தலைவர். ஒன்றியம் ஒற்றுமைக்காகப் பாடுபட்டு நான்காகப் பிரிந்திருந்தது. இவர் மூல ஒன்றியத்துக்குத் தலைவர். 'சமூகச் சிகரம்' என்ற பட்டத்தை அவருக்கு வழங்கிய குழுவிலும் அவர்தான் தலைவர் என்பதால் அந்த நிகழ்வு சுருக்கமாக நடந்து முடிந்தது.

"அத்தான், வேலிக்குள்ளால வண்டிச் சனம் வந்தது" என்றாள்.

"ம்."

"குதிரையும் வந்தது. பழைய காலத்துச் சனம் போல கிடக்கு."

"கவுன்சிலுக்கு எழுதுவம்."

"என்ர கப்பில தேத்தண்ணி குடிக்கமாட்டமெண்டிட்டினம்."

மறுமுனையில் சபாரத்தினம் கதிரையை விட்டு எழும்பிய சத்தம் கேட்டது. "என்ன? எங்கட வீட்டில குடிக்கமாட்டமெண்டு சொல்ல அவை ஆர்?"

அவர்கள் அதற்குப் பிறகு செவ்வாய்க்கிழமை தோறும் வந்தார்கள். சாணைக்காரன் அவளுடைய கத்திகளைத் தீட்டிக் கொடுத்தான். அந்தக் கத்தியை எடுத்தாலே வெங்காயம் தானாக இரண்டாகி விழுந்தது. மரக் கிளிப்பில் கொழுவிய உடுப்பு மழை பெய்தாலும் காய்ந்தது. பதிலுக்குக் கொடுத்த தேயிலையையும் பழைய கம்பளிச் சட்டைகளையும் பிரித்தானியா கூடையில் வாங்கிக்கொண்டாள், கையில் வாங்கவில்லை. பக்கத்து வீட்டுச் சேகர் திருச்சிக்காரர், வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவர். அவர் ஒருநாள் வேலிக்கு மேலால் தலையை நீட்டி, "அக்கா, உங்க வீட்டுக்கு வர்ற குதிரை எங்க கறிவேப்பிலைத் தொட்டிய மொட்டையடிச்சிருச்சு" என்று முறையிட்டார். வாடகைக்கு வந்தவர்களின் நாயைப் பற்றிச் சொல்வதுபோல்தான் சொன்னார். "குதிரை எண்டது தெரியுதோ உங்களுக்கு?" என்று சந்திரவதனா கேட்டாள். "ஆமா, பின்ன? ஜூம் மீட்டிங்ல கனைக்குது, என் மேனேஜர் என்னன்னு கேக்குறான்" என்றார் சேகர். அடுத்த கிழமை குதிரையின் சாணத்தை அள்ளி அவருடைய தொட்டியில் போட்டுவிட்டாள். கறிவேப்பிலை கூரை மட்டத்துக்கு வளர்ந்தது.

முதல் மாதத்திலேயே பின்கதவுக்குப் பக்கத்து மழைக்குழாயில் ஒரு புற்கற்றை குச்சி வைத்து முடிந்திருப்பதைக் கண்டாள். செய்வினைதான் என்று முடிவுகட்டி மஞ்சள் தண்ணீர் தெளித்தாள், எலுமிச்சம்பழம் வெட்டினாள், வெள்ளிக்கிழமை விம்பிள்டன் பிள்ளையாருக்குத் தேங்காயும் உடைத்தாள். புல் காயவில்லை; மஞ்சள் தண்ணீருக்கு இன்னும் பசுமையாகியது. கேட்டபோது பிரித்தானியா சிரித்தாள். பின்னால் வருகிற வண்டிகளுக்கு அது குறி. நாய் கடிக்கும் வீட்டுக்கு ஒரு முடிச்சு, பொலிஸைக் கூப்பிடுகிற வீட்டுக்கு இன்னொன்று. இது என்ன என்று சந்திரவதனா கேட்டாள். "கதவு திறக்கிற வீடு" என்றாள் பிரித்தானியா. அன்று முழுக்க சந்திரவதனா குசினிக்குள் பாட்டு முணுமுணுத்தபடி இருந்தாள். மகளுக்குப் போன் எடுத்துச் சொல்லவும் நினைத்தாள். மகளின் போன் குரலஞ்சலுக்குப் போனது.

ஒருமுறை, நல்ல மழையில், "முன்பக்கத்தால வாங்கோவன், ஒதுங்கி நிக்க இடமிருக்கு" என்று சொல்லிப் பார்த்தாள்.

"முன்கதவில எங்களை ஆர் நிக்கவிட்டது, மிஸிஸ்? பழக்கமில்லை."

சந்திரவதனாவும் ஒரு பின்கதவைத் தட்டியிருக்கிறாள். கள்ளமாக எல்லை கடத்திவிடும் ஏஜென்சிக்காரன் பனிக்குள் இறக்கிவிட்டுப் போன எல்லைப்புறக் கிராமம் ஒன்றில், ஈரக் காற்சட்டையோடு நின்ற அத்தனை பேரிலும் பெண்பிள்ளை என்பதால் அவளைத்தான் தட்ட அனுப்பினார்கள். அந்த வீட்டுப் பண்ணைக்காரி கதவை ஒரு கை அகலத்துக்குத் திறந்து, சூடான பாலை ஒரு கோப்பையில் நீட்டி, கதவை மறுபடியும் சாத்திக்கொண்டாள். அந்த நல்ல மனிசியைப் பற்றி சந்திரவதனா எத்தனையோ தரம் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறாள். அந்தக் கோப்பையை அவள் பிறகு என்ன செய்திருப்பாள் என்று மழையில் நின்ற அன்றுதான் யோசித்தாள்.

சபாரத்தினம் நேரில் பார்க்க வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. முந்திய ஞாயிறு மண்டபமொன்றில் சமத்துவம் பற்றி, மைக்கைப் பிடுங்கும் வரைக்கும் பேசியிருந்தார். அந்தச் சூடு இன்னும் ஆறவில்லை. வண்டியையும் குதிரையையும் கண்டார். அவை எப்படி வேலியைத் தாண்டின என்பது அவருடைய தகுதிக்குக் குறைந்த கேள்வி. "வதனா, எங்கட நல்ல கப் செட்டை எடு. இவையும் மனிசர்தான். நான் இவையளோட ஒண்டா இருந்து குடிக்கப்போறன்" என்று அறிவித்து, போட்டோ எடுக்கும்படி போனை அவளிடம் கொடுத்தார். தங்கக்கரை போட்ட கோப்பையில் முதலில் தான் ஒரு மிடறு குடித்துக் காட்டி, அதையே பிரித்தானியாவிடம் நீட்டினார். பிரித்தானியா வாங்கினாள், இரண்டு விரலால், கோப்பையின் காதைப் பிடித்து. வாங்கிப் படியில் போட்டு உடைத்தாள்.

"நான் ஆரெண்டு தெரியுமோ உனக்கு?" என்றார் சபாரத்தினம்.

"தெரியும். வீட்டுக்காரர்."

"வெறும் வீட்டுக்காரரோ? நான் ஒன்றியத்தின்ர..."

"வீட்டுக்காரர் எல்லாரும் ஒண்டுதான். ஒரே தண்ணிக்குள்ள முகமும் கழுவி, கப்பும் கழுவிற ஆக்கள். உங்களில பிழையில்லை ஐயா, வளத்த வளப்பு" என்று சொல்லிவிட்டுப் பிரித்தானியா உடைந்த துண்டுகளைக் காலால் ஒதுக்கிவிட்டாள். போனில் ஒரு படம் விழுந்திருந்தது. அதில் குதிரை மட்டும் தெளிவாக இருந்தது.

அன்று மாலையே சபாரத்தினம் கோசிகாவுக்குப் போன் எடுத்தார். அடுத்த நாள் கோசிகா தாய்க்கு எடுத்தாள். பின்பக்கத்தை இடித்து எக்ஸ்டென்ஷன் இறக்கலாம், பெரியப்பா கொன்ட்ராக்டர் பார்த்துத் தருவார், அவள் லோன் எடுப்பாள், கட்டி முடிந்ததும் அவளும் கணவன் சஞ்சயனும் தோர்ண்டன் ஹீத்துக்கே வந்துவிடுவார்கள். "நாங்கள் உங்களோடயே இருப்பம் அம்மா. யூ வோண்ட் பி அலோன்." மகள் இரண்டாவது வசனத்தை ஆங்கிலத்தில் சொன்னால் முதலாவது வசனம் நிச்சயமில்லை என்று அர்த்தம். அதைத் தாய் அறிவாள். ஆனாலும் 'உங்களோடயே' என்ற சொல் காதுக்குள் இறங்கிவிட்டால் பிறகு எடுப்பது கஷ்டம். ஓம் என்றாள்.

செவ்வாய்க்கிழமை பிரித்தானியாவிடம் சொன்னாள். "மகள் வரப்போறாள். இந்தக் கதவை அடைக்கப்போகினம்."

"மகள் வந்தால் பிறகென்ன, மிஸிஸ்" என்றாள் பிரித்தானியா, குத்தல் ஒன்றும் இல்லாமல். மழைக்குழாயிலிருந்து புற்கற்றையை அவிழ்த்துப் படியில் வைத்தாள். கதவு இல்லாத வீட்டில் குறி நின்றால் பின்னால் வருகிறவர்கள் ஏமாந்துபோவார்கள் அல்லவா. சந்திரவதனா அதை எடுத்துக் குசினி லாச்சிக்குள், கரண்டிகளோடு போட்டு வைத்தாள். அங்கேயும் அது காயவில்லை.

கட்டடம் எழும்பிய கதையைச் சொல்லத் தேவையில்லை. எக்ஸ்டென்ஷன் இறக்கியவர்களுக்குத் தெரியும், இறக்காதவர்கள் நம்பமாட்டார்கள். ஒருநாள் அது முடிந்தது. மடித்துத் திறக்கும் கண்ணாடிக் கதவு, வெள்ளைத் தரை, தரைக்குக் கீழே சூடேற்றும் குழாய். சபாரத்தினம் நாடா வெட்டினார். மறைந்த தம்பியைப் பற்றிப் பேசத் தொடங்கித் தன் ஆரம்பப் பாடசாலைப் பரிசுகளில் முடித்தார். விருந்துக்குப் பொரித்து வைத்த பற்றீசும் ரோல்ஸும் ஆறிப்போயின. கோசிகா தாயைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டாள். சஞ்சயனுக்கு வேலை இடம் மாறியிருந்தது, பார்க்கிங்கிலிருந்து போய்வருவதுதான் இப்போதைக்குச் சுகம். "ரூம் இருக்குத்தானே அம்மா. அது எங்க ஓடப்போகுது?" என்று சொல்லிவிட்டு இருட்டமுன் புறப்பட்டார்கள். அறை எங்கும் ஓடவில்லை. அங்கேயே இருந்தது. மாலையில் லைட்டைப் போட்டால் கண்ணாடியில் இன்னொரு சந்திரவதனா எதிரே வருவாள். வீட்டுக்கு வருகிற ஆள் அவள் ஒருத்திதான்.

அதற்குப் பிறகு வந்த முதல் செவ்வாய்க்கிழமை காலை தரைக்குக் கீழே குதிரைக் குளம்புச் சத்தம் கேட்டது. வேலியடியிலிருந்து தொடங்கி, வெள்ளை ஓடுகளுக்கு அடியால் வந்து, பழைய கதவு இருந்த இடத்தில் நின்றது. பிறகு தட்டுகிற சத்தம். அவள் ஓடிவந்து நின்றாள். திறப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. வழவழத்த ஓடு மட்டும் இருந்தது. முழங்காலில் இருந்து, கையால் ஓட்டைத் தட்டிக் காட்டினாள். கீழிருந்து மறுபடி தட்டினார்கள். கொஞ்ச நேரம் இருவரும் மாறி மாறித் தட்டினார்கள். அதற்குமேல் என்ன செய்வதென்று இரண்டு பக்கத்துக்கும் தெரியவில்லை. குளம்புச் சத்தம் திரும்பிப் போனது. சபாரத்தினத்துக்குச் சொன்னாள். அவர், அது தரைச்சூடு குழாயில் காற்று அடைத்த சத்தம் என்றும் காற்றைத் திறந்துவிட ஆளனுப்புவதாகவும் சொன்னார். வந்தவன் குழாயைத் திறந்தான். புகை மணமும் ஈர வைக்கோல் மணமும் அறை நிறைய வந்தன. சரி செய்துவிட்டேன் என்று போய்விட்டான். வரவர ஒவ்வொரு கிழமையும் தட்டுகிற சத்தம் மெலிந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை குளம்புச் சத்தம் வேலியடியிலேயே நின்று திரும்பியது. இனி அவர்கள் தங்கள் சுற்றிலிருந்து இந்த வீட்டை எடுத்துவிடுவார்கள் என்று அவளுக்கு விளங்கியது. போனில் அவளுடைய பெயரை ஆட்கள் ஒவ்வொருவராகக் கீழே தள்ளியதுபோல், கோபம் ஒன்றும் இல்லாமல்.

அடுத்த செவ்வாய்க்கிழமை விடிய எழும்பிக் குளித்தாள். சிங்குக்குக் கீழே கையை விட்டுப் பச்சைக் கோப்பையை எடுத்தாள். அதை முன்வாசல் படிக்குக் கொண்டுபோய், நல்ல சத்தமாக, தெருவுக்குக் கேட்க உடைத்தாள். ஸ்கூலுக்குப் போய்க்கொண்டிருந்த பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். லாச்சிக்குள் இருந்த புற்கற்றையை எடுத்து, குச்சியைப் பிரித்தானியா வைத்த மாதிரியே வைத்து, முன் கேற்றில் முடிந்தாள். முன்கதவை அகலத் திறந்து கல்லொன்றை அண்டை கொடுத்தாள். பிறகு ஜம்பருக்கு மேல் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு படியில் குந்தினாள். வீட்டின் சூடெல்லாம் வெளியே போய்க்கொண்டிருந்தது. அது போகட்டும் என்றிருந்தது அவளுக்கு.

பஸ் போனது. இன்னொரு பஸ் போனது. அதற்குப் பின்னால் கருப்பு வெள்ளைக் குதிரை வந்தது, பஸ் லேனுக்குள், அவசரமில்லாமல். வண்டி கேற்றடியில் நின்றது. பிரித்தானியா இறங்கிப் புற்கற்றையைத் தொட்டுப் பார்த்தாள், படியில் கிடந்த பச்சைத் துண்டுகளைப் பார்த்தாள், முன்கதவைப் பார்த்தாள். கால் வைக்கவில்லை.

"முன்பக்கமோ, மிஸிஸ்?"

"ஓம். இனி இதுதான் வாசல்."

"ஆக்கள் பாப்பினம்."

"பாக்கட்டும். பாக்கிறதுக்காவது வரட்டும்."

பிரித்தானியா பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேற்றைத் தாண்டினாள். தாண்டிய உடனே சந்திரவதனாவின் போன் அடித்தது.

"அம்மா, வாசல்ல குதிரை நிக்குது!" என்று பார்க்கிங்கிலிருந்து கோசிகா கத்தினாள். "கமெரால பாக்கிறன். ஒரு பொம்பிளையும் நிக்கிறா. ஹூ இஸ் ஷீ?"

"எனக்கு வந்த ஆக்கள்."

"அம்மா, கதவைச் சாத்துங்கோ. ஐ ஆம் கோலிங் பெரியப்பா."

"எடு பிள்ளை. வாறதெண்டால் சொல்லாமலே வரச் சொல்லு" என்று போனை ஜாக்கெட் பொக்கற்றுக்குள் வைத்தாள். அது உள்ளே கிடந்து சிணுங்கியது.

தெருவில் பெரிய கலவரம் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு கார்கள் ஹோர்ன் அடித்துப் பார்த்துவிட்டு விலகிப் போயின. சேகர் கறிவேப்பிலைக் கொப்பு ஒன்றை முறித்துக்கொண்டு வந்து, தன் கையாலேயே குதிரைக்குக் கொடுத்தார். பிற்காலத்தில் கவுன்சில் ஆள் ஒருவர் வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்து, டீசல் புகை இல்லாத வாகனம் என்று கண்டு, செவ்வாய்க்கிழமைக்கு மட்டும் வருகையாளர் வண்டி நிறுத்தும் அனுமதி கொடுத்தார். சபாரத்தினம் கண்டனத் தீர்மானம் நிறைவேற்றினார். அதைக் காரணமாக வைத்து மூல ஒன்றியம் இரண்டாகப் பிரிந்தது. கோசிகா ஒரு செவ்வாய்க்கிழமை வேலைக்கு லீவு போட்டு, தாய்க்குப் புத்தி சொல்ல வந்து, கத்தி தீட்டிக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு கறிக்குத் தூள் வாங்கவென்றும், கிளிப்பு முடிந்துவிட்டதென்றும் இடைக்கிடை வருகிறாள். எல்லாம் செவ்வாய்க்கிழமைகளில்தான். பெரிய அறை இன்னும் வெறுமையாகத்தான் கிடக்கிறது. அதில் மழைநாட்களில் உடுப்புக் காய்கிறது.

ஆனால் அதெல்லாம் பிறகு. அந்த முதல்நாள் சந்திரவதனா சீனி போட்ட தேத்தண்ணீரைக் கேத்திலோடு கொண்டுவந்து, பழக்கப்படியே உயர்த்திப் பிடித்து, பிரித்தானியாவின் பேணிக்குள் ஊற்றினாள். இருவரும் படியில் இருந்தார்கள், இடையில் ஒரு ஆள் இருக்கும் இடைவெளி விட்டு. சந்திரவதனாவின் கை வெறுமையாக இருந்ததைப் பிரித்தானியா கண்டாள். அவளுடைய குசினியில் இருக்கிற ஒரு கோப்பையும் கோப்பை இல்லை என்பது இருவருக்கும் தெரிந்த விஷயம். பிரித்தானியா சாணைக்காரனைப் பார்த்து ஏதோ சொன்னாள். அவன் குனிந்து வண்டியின் அடியில், அச்சுக்குப் பூசும் கொழுப்புச் சட்டிக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கிய இன்னொரு பேணியை எடுத்தான். நெளிந்த தகரம். வெள்ளைத் துணி சுற்றவில்லை. மற்றப் பேணிகளோடு அது சேர்ந்திருக்கவும் இல்லை. அவன் அதைக் கையில் கொடுக்காமல் படியில் வைத்துவிட்டு விலகினான்.

பார்த்த உடனேயே சந்திரவதனாவுக்கு அது என்ன பேணி என்று தெரிந்தது. இத்தனை வருடம் ஒன்று வைத்திருந்தவள் அல்லவா.

எடுத்து நீட்டினாள். பிரித்தானியா தன் பேணியை உயர்த்திப் பிடித்து, முட்டாமல் அதற்குள் ஊற்றினாள். தேத்தண்ணீரில் விறகுப் புகை மணந்தது, சீனி கொஞ்சம் கூட. சந்திரவதனா அடிமண்டி வரைக்கும் குடித்தாள்.

அந்தப் பேணி இன்னும் வண்டியின் அடியில் அதே ஆணியில்தான் தொங்குகிறது. வேறு எந்த வீட்டிலும் அதை இறக்குவதில்லை.